கொழுந்து எடையும் பருவத் தேர்வும்: கோத்தகிரிக் கணக்காளர் ஒருவரின் இணையவழி எம்.காம். குறித்த நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நிகழ்வு

கோத்தகிரிக்கும் கட்டபெட்டுக்கும் இடையே உள்ள ஒரு தனியார் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்காளராகப் பணிபுரியும் ஒரு பெண், 2022-ஆம் ஆண்டு ஜூலைச் சேர்க்கையில் கணக்கியலை முதன்மையாகக் கொண்ட இணையவழி எம்.காம். படிப்பில் சேர்ந்தார். இரண்டு ஆண்டுகளில் முடிந்திருக்க வேண்டிய படிப்பு, ஒரு தாள் நிலுவையில் நின்றதால் 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் முடிந்தது. குன்னூரில் வணிகவியல் கற்பிப்பவன் என்ற முறையில் அவருக்கு அவ்வப்போது ஐயம் தீர்த்து வைக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஆனால், இதை எழுதத் தூண்டியது அவருடைய மதிப்பெண்கள் அல்ல. அவர் வைத்திருந்த நோட்டுகள்.

பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் 80 பக்கக் கோடு போட்ட நோட்டுகள் அவை, மொத்தம் மூன்று. ஒவ்வொரு நாளும் எந்தத் தாளை எவ்வளவு நேரம் பார்த்தார் என்பதைத் தேதியிட்டு, நாளேட்டில் பதிவு போடுவது போலவே எழுதியிருக்கிறார். நேரத்துக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து இருக்கும். சில இடங்களில் ‘ப’, சில இடங்களில் ‘ஓ’. ‘ப’ என்றால் படித்தது. ‘ஓ’ என்றால் ஓடியது. அதாவது காணொளிப் பாடம் கைப்பேசியில் ஓடிக்கொண்டிருந்தது, அவர் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இந்த நேர்மை எந்தப் பல்கலைக்கழகத்தின் வருகைப் பதிவேட்டிலும் கிடைக்காது. அந்த நோட்டுகள், மதிப்பெண் பட்டியல்கள், கட்டண ரசீதுகள், ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்த உரையாடல்கள் ஆகியவையே இந்த ஆய்வின் சான்றுகள். அவர் விருப்பப்படி அவருடைய பெயரையும் நிறுவனங்களின் பெயர்களையும் தவிர்த்து, அவரைக் ‘கணக்காளர்’ என்றே குறிப்பிடுகிறேன்.

கணக்காளரும் அவருடைய பணியிடமும்

1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து, தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயின் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர் அவர். பந்தலூர்ப் பக்கத்து லைன் வீட்டில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பில்) வளர்ந்து, பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலும், பின்பு கல்லூரிக்கு நேரடியாகச் சென்று பி.காம். படிப்பும் முடித்தவர். படிப்பில் சேர்ந்தபோது வயது 31; ஆறு வயதில் ஒரு மகன்; கணவர் சரக்கு வாகன ஓட்டுநர்.

தொழிற்சாலை, சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலையை விலைக்கு வாங்கித் தூளாக்கி விற்கும் வகையைச் சேர்ந்தது. கூட்டாண்மை நிறுவனமாகப் பதிவானது. நிறுவனத்தின் பெயரிலேயே 12 ஏக்கர் தோட்டமும் உண்டு. கொழுந்து கொண்டுவருபவர்களின் எடைச் சீட்டுகளை டாலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றுவது, மாதக் கணக்கு முடித்து விவசாயிகளுக்குப் பணம் அனுப்புவது, குன்னூர் ஏல விற்பனைச் சீட்டுகளைச் சரிபார்ப்பது, 7-ஆம் தேதிக்குள் டிடிஎஸ் (மூலத்திலேயே பிடித்த வரி) செலுத்துவது, ஜிஎஸ்டி மாதப் படிவங்களில் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதிக்குள் 3பி என்று ஆடிட்டர் அலுவலகத்துக்கு வேண்டியதைத் தயாரிப்பது ஆகியவை அவருடைய வேலை. வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு ஒன்பது மணி நேரம்.

சி.ஏ. (பட்டயக் கணக்காளர் படிப்பு) படிக்கலாமே என்று பலரும் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். சொல்பவர்களுக்கு எளிது. 2023-ஆம் ஆண்டின் புதிய திட்டத்தில் செய்முறைப் பயிற்சிக் காலம் மூன்று ஆண்டுகளிலிருந்து இரண்டாகக் குறைந்தது உண்மைதான். ஆனாலும் அந்த இரண்டு ஆண்டுகள் வேலையை விட்டு, பயிற்சி உதவித்தொகையில் குடும்பம் நடத்த வேண்டும். வகுப்புக்கு நாள்தோறும் சென்று எம்.காம். படிப்பதற்கும் அதே தடை. ஆகவே அவருக்கு முன்னிருந்த வழிகள் உண்மையில் இரண்டே: தொலைநிலைக் கல்வி அல்லது இணையவழிக் கல்வி.

சேர்க்கை

இந்தப் பகுதியில் நான் அதிகம் தாமதிக்கப் போவதில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கணக்காளர் முதலில் அணுகியது சமவெளியில் இருந்த ஒரு ‘சேர்க்கை மையத்தை’. பல்கலைக்கழகக் கட்டணத்துக்கு மேல் 18,000 ரூபாய் ‘சேவைக் கட்டணம்’ கேட்டார்கள். அசைன்மென்ட்டை அவர்களே எழுதித் தருவார்களாம். தொலைநிலை, இணையவழிப் படிப்புகளை முகவர்கள் வழியே நடத்துவதைப் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதிப்பதில்லை. கணக்காளருக்கு அந்த விதி அப்போது தெரியாது. பணத்துக்கு ரசீது கேட்டிருக்கிறார், அவர்கள் தயங்கியிருக்கிறார்கள், எழுந்து வந்துவிட்டார். விதியைப் படிக்காமலே தொழில் பழக்கத்தால் தப்பித்தார் என்றே இதைப் பார்க்கிறேன்.

பின்னர் மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில், அந்தக் கல்வியாண்டுக்கு, அந்தப் படிப்புக்கு, இணையவழி முறைக்கு என்று மூன்றும் பொருந்தி அனுமதி உள்ளதா என்று பார்த்துச் சேர்ந்தார். பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருப்பதும் குறிப்பிட்ட படிப்புக்கு அனுமதி இருப்பதும் வேறு வேறு என்பது பலருக்கும் தெரிவதில்லை. 2020-ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியான மானியக் குழு ஒழுங்குமுறைகளின்படி, அனுமதி பெற்ற நிறுவனம் வழங்கும் இணையவழிப் பட்டம் நேரடிப் பட்டத்துக்கு இணையானது. இதை 2022 செப்டம்பரில் மானியக் குழு மீண்டும் ஓர் அறிவிப்பில் தெளிவுபடுத்தியது.

அவருடன் சேர விரும்பிய இன்னொருவரின் நிலை வேறு. அவர் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்காமல், திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர். பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசையில் வராத பட்டத்தை அரசுப் பணிக்கு ஏற்பதில்லை என்று தமிழ்நாடு அரசின் 2009-ஆம் ஆண்டு அரசாணை 107 சொல்கிறது. மேலே எம்.காம். போட்டு அந்தக் குறையை மறைக்க முடியாது. தனியார் வேலைக்கு அது தடையில்லை என்றாலும், அரசுப் பணியை எண்ணியிருந்த அவர் சேரவில்லை.

நேரக் கணக்கு

எம்.காம். படிப்பு 80 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு மாணவர் 30 மணி நேரம் உழைக்க வேண்டும் என்பது தொலைநிலை, இணையவழிப் படிப்புகளுக்கான அளவு. ஆக, ஒரு பருவத்தின் 20 கிரெடிட்டுக்கு 600 மணி நேரம். பாடங்கள் திறக்கப்பட்டுத் தேர்வு தொடங்கும் வரை 20 வாரம் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், வாரத்துக்கு 30 மணி நேரம். தொழிற்சாலையின் 54 மணி நேரத்தோடு கூட்டினால் 84. வாரத்துக்கு 168 மணி நேரம்தான். சமையல், பிள்ளையின் வீட்டுப்பாடம், காலையில் தண்ணீர் பிடிப்பது ஆகியவை இந்தக் கணக்குக்குள் இன்னும் வரவேயில்லை.

நோட்டுகள் காட்டும் கணக்கு வேறு. முதல் பருவத்தில் மொத்தம் 214 மணி நேரம். அதில் ‘ப’ 139, ‘ஓ’ 75. இரண்டாம் பருவத்தில் 186. அதில் ‘ப’ 121, ‘ஓ’ 65. மூன்றாம் பருவத்தில் 262. ‘ப’ 228, ‘ஓ’ 34. நான்காம் பருவத்தில் 240. ‘ப’ 205, ‘ஓ’ 35. நான்கு பருவத்துக்கும் சேர்த்து 902 மணி நேரம்; உண்மையில் படித்தது 693. விதி எதிர்பார்க்கும் 2,400 மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் ஒரு தாளைத் தவிர எல்லாவற்றிலும் முதல் முறையிலேயே தேர்ச்சி பெற்றார்.

இதை வைத்து, இணையவழிப் பட்டம் மலிவானது என்று முடிவு கட்டுபவர்கள் இருக்கலாம். நோட்டை வரிக்கு வரி பார்த்தவன் என்ற முறையில் நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மேம்பட்ட செலவுக் கணக்கியல், மறைமுக வரி, நிறுவனக் கணக்கியல் ஆகிய தாள்களுக்கு அவர் செலவிட்ட நேரம் குறைவு. ஏனென்றால் ஒன்பது ஆண்டுகளாக அவர் நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்த வேலை அது. ஜிஎஸ்டி தாளுக்கு அவர் எழுதியிருப்பது 17 மணி நேரம். வாங்கும் பொருளுக்குக் கட்டும் உள்ளீட்டு வரியைப் பற்றி அவருக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. மறுபுறம், தொழிலோடு தொடர்பில்லாத தாளில் அந்த 30 மணி நேர அளவு சற்றும் மிகையில்லை என்பதை நிலுவைத் தாள் காட்டியது.

இரண்டாம் பருவத்தில் இருந்த செயல்பாட்டு ஆராய்ச்சித் தாளுக்கு அவர் கொடுத்தது ‘ப’ 11 மணி நேரம், ‘ஓ’ 19. ஒரு கணக்கை அட்டவணை அட்டவணையாகப் போட்டுத் தீர்க்கும் சிம்ப்ளெக்ஸ் முறையின் அட்டவணைகளைக் காணொளியில் பார்க்கும்போது எல்லாம் புரிந்தது போலிருக்கும். தாளில் போட்டுப் பார்க்காதவருக்குத் தேர்வில் மூன்றாவது அட்டவணையிலேயே கை நின்றுவிடும். முதல் முறை தேர்ச்சியில்லை. நான்காம் பருவத் தேர்வுகளோடு சேர்த்து எழுதிய இரண்டாம் முறையும் இல்லை. 2024 டிசம்பரில் எழுதிய மூன்றாம் முறைக்கு அவர் 58 மணி நேரம் படித்தார். 58-லும் ‘ஓ’ ஒன்றுகூட இல்லை. தேர்ச்சி பெற்றார்.

இந்த ‘ஓ’ எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அவர் சேர்ந்த பல்கலைக்கழகம், இணையவழிச் செயல்பாடுகளில் 75 விழுக்காட்டுப் பங்கேற்பு இருந்தால்தான் தேர்வு எழுதலாம் என்று நிபந்தனை வைத்திருந்தது. காணொளி எத்தனை நிமிடம் ஓடியது என்பதை மென்பொருள் குறித்துக்கொள்ளும். யாராவது பார்த்தார்களா என்பது அதற்குத் தெரியாது. மாதக் கணக்கு முடிக்கும் நாள்களில் கைப்பேசியை எடைச் சீட்டுக் கட்டுக்கு மேல் சாய்த்து வைத்து, ஒலியை அணைத்துவிட்டு ஓடவிட்டிருக்கிறார். “தப்புதான் சார். ஆனா 75 வராம ஹால் டிக்கெட் வராது” என்றார். அவரைக் கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்து ஜன்னல் வழியே மேகம் பார்க்கும் மாணவருக்கும் நான் ‘வந்தார்’ என்றுதான் குறிக்கிறேன்.

இரண்டு நாட்காட்டிகள்

நேரம் போதவில்லை என்று பொதுவாகச் சொல்வதைவிட, எந்த மாதத்தில் போதவில்லை என்று பார்ப்பது பயனுள்ளது. இந்த நிகழ்வில் நான் கண்ட முக்கியமான செய்தியும் அங்கேதான் இருக்கிறது.

நீலகிரியில் ஏப்ரல் முதல் ஜூன் வரை கொழுந்து பெருகும். செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை மீண்டும் ஒரு முறை பெருகும். அந்த நாள்களில் தொழிற்சாலை இரவும் ஓடும். அதே ஏப்ரல், மே மாதங்களில்தான் ஆண்டுக் கணக்கு முடிப்பு. மே 31-க்குள் நான்காம் காலாண்டு டிடிஎஸ் படிவம். அதே செப்டம்பர் 30-க்குள் வரித் தணிக்கை அறிக்கை, அக்டோபரில் வருமான வரிப் படிவம், டிசம்பர் 31-க்குள் ஜிஎஸ்டி ஆண்டுப் படிவம். பருவத் தேர்வுகளோ ஜூனிலும் டிசம்பரிலும். ஆக, படிப்பு உச்சத்துக்குப் போகும் இரண்டு வேளைகளிலும் கொழுந்தும் கணக்கும் உச்சத்தில் இருக்கின்றன.

எதிர்ப்பக்கம் ஜனவரியும் பிப்ரவரியும். உறைபனி விழுந்து செடி கருகும். இலை வரத்து குறையும். தொழிற்சாலை வாரத்தில் மூன்று நாள்தான் ஓடும். கணக்காளருக்கு மாலை நான்கு மணிக்கே வேலை முடிந்துவிடும். ஆனால் பல்கலைக்கழகத்தில் அப்போது விடைத்தாள் திருத்துகிறார்கள்; அடுத்த பருவத்தின் பாடங்கள் இன்னும் திறக்கப்பட்டிருக்காது. முதல் ஆண்டில் அந்த இரண்டு மாதங்களிலும் நோட்டு வெறுமையாகக் கிடக்கிறது. தேதி போட்டு ‘லாகின் இல்லை’ என்று மட்டும் நான்கைந்து இடங்களில் எழுதியிருக்கிறார்.

இரண்டாம் ஆண்டில் இதை அவர் மாற்றிக்கொண்டார். பல்கலைக்கழகம் திறக்கும் வரை காத்திருக்காமல், பாடத்திட்டத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் இலவசமாக வெளியிடும் பாடநூல்களையும், மானியக் குழுவின் இ-பிஜி பாடசாலையில் உள்ள வணிகவியல் பாடங்களையும், இக்னோவின் இ-ஞானகோஷில் உள்ள அலகுகளையும் தரவிறக்கி, 2024 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் நான்காம் பருவத் தாள்களில் மூன்றை ஏறக்குறைய முடித்துவிட்டார். மூன்றாம் பருவத்துக்கும், தென்மேற்குப் பருவமழையில் இலை சற்றுக் குறையும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களை இப்படியே பயன்படுத்தியிருக்கிறார். ‘ஓ’ பாதியாகக் குறைந்ததற்கு இதுவே காரணம். காணொளி ஓடும் வேளையில் அவருக்குப் பாடம் ஏற்கெனவே தெரிந்திருந்தது.

தேர்வு அறை

மலைப்பகுதியில் இணையவழிக் கல்வி என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது சிக்னலைப் பற்றித்தான். இந்த நிகழ்வில் அது இரண்டாம் இடத்துச் சிக்கல். பாடங்களைத் தொழிற்சாலை இணைப்பில் தரவிறக்கி வைத்துக்கொள்ள முடிந்தது. தேர்வை அப்படி வைத்துக்கொள்ள முடியாது.

முதல் பருவத் தேர்வை வீட்டிலிருந்தே, கணினியின் கேமரா கண்காணிக்க எழுதும் முறையில் எழுதினார். மாமியார் வீட்டின் முன் அறையில் கதவைத் தாழிட்டு, சுவரில் மாட்டியிருந்த படங்களைக்கூடக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டாம் தாளின் நடுவே மின்சாரம் போனது. மடிக்கணினி ஓடியது, ஆனால் வீட்டு இணைப்பு நின்றது. கைப்பேசி வழியே இணைத்து மீண்டும் உள்ளே நுழைவதற்குள் 17 நிமிடம் ஆகிவிட்டது. மென்பொருள் அதை விதிமீறலாகப் பதிந்துவிட்டது. அந்தப் பகுதியில் அன்று மின்தடை இருந்ததற்கு மின்வாரிய அலுவலகத்திலிருந்து கடிதம் வாங்கி அனுப்பி, 40 நாள்களுக்குப் பின் மறுதேர்வு எழுதினார்.

அடுத்த பருவத்திலிருந்து கோயம்புத்தூரில் இருந்த தேர்வு மையத்தைத் தேர்ந்தெடுத்தார். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர் இறக்கம். அங்கிருந்து கோவைக்கு ஏறத்தாழ அதே தொலைவு. 2023 நவம்பர் மழையில் மலைச்சாலைகளில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதைப் பார்த்தபின், டிசம்பர்த் தேர்வுக்கு முந்தின நாளே இறங்கி, துடியலூரில் உறவினர் வீட்டில் தங்கி எழுதினார். ஆக, இணையவழிப் படிப்பின் மூன்று பருவத் தேர்வுகளை அவர் பேருந்தில் போய்த்தான் எழுதினார். மாணவர் சேரும்போது இந்தச் செலவை யாரும் சொல்வதில்லை. அதைவிடப் பெரியது விடுப்பு: பருவத்துக்கு ஐந்து நாள், அதுவும் முதலாளி விட மனமில்லாத மாதத்தில்.

பாடம் பேரேட்டைத் தொட்ட இடங்கள்

செலவுக் கணக்கியலில் செய்முறை அடக்கவிலை என்ற பகுதி உண்டு. ஒரு செய்முறைக்குள் போகும் பொருளில் ஒரு பங்கு இயல்பாகவே இழக்கப்படும். அதற்கு மேல் இழந்தால் அது இயல்பு மீறிய இழப்பு. அதைத் தனியே பிரித்து இலாப நட்டக் கணக்குக்குக் கொண்டு போக வேண்டும். பாடநூல் கணக்குகளில் இயல்பான இழப்பு ஐந்து விழுக்காடு, பத்து விழுக்காடு என்று இருக்கும். தேயிலையில் உள்ளே போகும் எடையில் முக்கால் பங்கு நீராகவே போய்விடும். ஆகவே தொழிற்சாலைகளில் இழப்பு என்று யாரும் பேசுவதில்லை. நூறு கிலோ இலைக்கு எத்தனை கிலோ தூள் வந்தது என்ற ‘அவுட்டர்ன்’ மட்டுமே பேச்சு.

அசைன்மென்ட்டுக்காகக் கணக்காளர் தம் தொழிற்சாலையின் ஓர் அக்டோபர் மாதத்தை எடுத்துக்கொண்டார். எண்களைச் சுருக்கி முழு எண்களாக்கித் தருகிறேன். வந்த இலை 2,00,000 கிலோ. முந்தைய ஆண்டுகளின் சராசரிப்படி 24 விழுக்காடு என்றால் 48,000 கிலோ தூள் வந்திருக்க வேண்டும், வந்தது 46,300. குறைவு 1,700 கிலோ. கிலோ 110 ரூபாய் வீதம் 1,87,000 ரூபாய். பேரேட்டில் இந்தத் தொகை எங்கேயும் இல்லை. வந்த தூளைக் கொண்டே அவுட்டர்ன் 23.15 என்று போட்டுவிட்டால் கணக்கு நேராகிவிடும். இழப்பு என்ற ஒன்று தோன்றவே தோன்றாது.

இதுவரை நல்ல அசைன்மென்ட். அவர் அங்கே நிற்கவில்லை. வாங்கு இலைத் தொழிற்சாலைகள் சிறு விவசாயிகளுக்குத் தர வேண்டிய விலை, தேயிலை வாரியத்தின் விலைப் பகிர்வு முறைப்படி, தூளின் விற்பனை விலையில் 65 விழுக்காடு, தொழிற்சாலைக்கு 35. இதை இலைக்கு மாற்றினால், 110 ரூபாயில் 65 விழுக்காடு 71.50, அவுட்டர்ன் 24 என்றால் ஒரு கிலோ இலைக்கு 17.16 ரூபாய், 23.15 என்றால் 16.55. கிலோவுக்கு 61 காசு வித்தியாசம். இரண்டு லட்சம் கிலோவுக்கு ஏறத்தாழ 1,22,000 ரூபாய். அதாவது 1,87,000 ரூபாய் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கை விவசாயிகள் சுமக்கிறார்கள்.

இழப்பு உண்மையில் எங்கே போனது என்று தேடியபோது விடை இன்னும் விந்தையாக இருந்தது. அது மழை மாதம். நனைந்த இலைக்கு எடையில் ஒரு விழுக்காட்டை நாள்தோறும் ஒரே அளவாகக் கழித்துக்கொண்டிருந்தார்கள். மூட்டையில் இருந்த நீர் அதைவிட அதிகம். 1,700 கிலோ தூளுக்கு நிகரான சுமார் 7,000 கிலோ எடை, இலையே அல்ல, மழைத்தண்ணீர். தண்ணீருக்கும் சேர்த்து எடை போட்டதால் எல்லோருக்குமான கிலோ விலை இறங்கியது. வெயில் பார்த்துப் பறித்து, உலர்ந்த இலை கொண்டுவந்தவரின் காசு, மழையில் நனைந்த மூட்டைக்குப் போயிருக்கிறது. அவருடைய விடைத்தாளில் இந்தப் பத்திக்குத் திருத்துநர் ஒரு ‘டிக்’ மட்டும் போட்டிருந்தார், பத்துக்கு ஏழு. நானாக இருந்தால் பத்துக்கும் மேல் கொடுக்க வழி உண்டா என்று தேடியிருப்பேன். இப்போது மழை நாள்களில் ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு கை இலை எடுத்து, உதறி, எடை பார்த்துக் கழிவைத் தீர்மானிக்கிறார்கள். இலை கொண்டுவருவோரில் பாதிப்பேருக்கு இதில் வருத்தம் உண்டு.

இரண்டாவது இடம் வருமான வரி. அவர் படித்தபோது நடப்பிலிருந்த 1962-ஆம் ஆண்டு வருமான வரி விதிகளின் 8-ஆம் விதிப்படி, தானே வளர்த்துத் தானே தயாரித்து விற்கும் தேயிலையிலிருந்து வரும் வருமானத்தில் 40 விழுக்காடு மட்டுமே தொழில் வருமானமாக வரிக்கு உட்படும். மீதி 60 வேளாண் வருமானம். வாங்கிய இலைக்கு இந்தச் சலுகை இல்லை. அதன் வருமானம் முழுவதும் தொழில் வருமானம். நேர்முக வரித் தாளில் இது இரண்டு மதிப்பெண் வினா. ஆனால் அவருடைய தொழிற்சாலையில் நிறுவனத்தின் 12 ஏக்கர் இலையும் விவசாயிகளின் இலையும் ஒரே கொட்டகையில், ஒரே எடைப் பதிவேட்டில் இறங்கிக்கொண்டிருந்தன. சொந்த இலை எவ்வளவு என்பதை ஆண்டு முடிவில் மதிப்பிட்டே பிரித்து வந்தார்கள். அந்தப் பாடத்தைப் படித்த வாரத்திலேயே சொந்தத் தோட்டத்து இலைக்குத் தனிச் சீட்டுப் புத்தகமும் டாலியில் தனிக் கணக்கும் தொடங்கினார். ஆடிட்டர் அலுவலகத்தில் இதைப் பாராட்டினார்கள். இத்தனை ஆண்டு ஏன் கேட்கவில்லை என்று நான் அவர்களைக் கேட்க நினைத்து, கேட்காமல் விட்டுவிட்டேன்.

மூன்றாவது, பணியிடத்தில் ஒருபோதும் பயன்படாத பாடம். இந்தியக் கணக்கியல் தரநிலை 41 வேளாண்மை பற்றியது. அதில் தேயிலைச் செடி ‘பலன்தரும் தாவரம்’. ஆகவே அது இயந்திரத்தையும் கட்டடத்தையும் போல, தரநிலை 16-இன்கீழ் நிலைச் சொத்தாகத் தேய்மானத்துக்கு உரியது. செடியின்மேல் வளர்ந்து நிற்கும் கொழுந்தோ உயிரியல் சொத்து. அதை விற்பனைச் செலவு நீக்கிய நியாய மதிப்பில் காட்ட வேண்டும். பறித்த நொடியிலிருந்து அது சரக்கிருப்பு. பொதுவாக, பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களும், 250 கோடி ரூபாயும் அதற்கு மேலும் நிகர மதிப்புள்ள நிறுவனங்களும்தான் இந்தத் தரநிலைகளைப் பின்பற்ற வேண்டும். கோத்தகிரியின் ஒரு கூட்டாண்மை நிறுவனத்துக்கு இதில் வேலையில்லை. ஆனாலும் இந்தத் தாளில்தான் அவர் அதிக மதிப்பெண் பெற்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம், “மார்ச் 31 அன்னிக்குப் பறிச்சு எட்டு நாள் ஆன காட்டுல, செடி மேல நிக்கிற பாதிக் கொழுந்துக்கு எப்படி சார் மதிப்புப் போடுறது?” என்று கேட்டார். பறிப்புச் சுற்று பத்து முதல் பதினான்கு நாள் என்பது எனக்கும் தெரியும். அதை ஐந்தொகை நாளோடு சேர்த்து நான் எண்ணிப் பார்த்ததில்லை. சுற்றில் கடந்த நாள்களுக்கு ஏற்ப எதிர்பார்க்கும் விளைச்சலைக் கணக்கிட்டு, அந்த மாதத்துப் பசுந்தேயிலை விலையால் பெருக்கி, இன்னும் பறிக்காத நிலைக்கு ஏற்பச் சரிசெய்ய வேண்டும் என்று இருவரும் சேர்ந்துதான் ஒரு விடைக்கு வந்தோம். பல ஆண்டுகளாக நான் கரும்பலகையில் எழுதிவந்த பாடம் அது.

பட்டத்துக்குப் பின்

பட்டச் சான்றிதழைக் காட்டியபோது முதலாளி வாழ்த்திவிட்டு, இனி ஆடிட்டர் கட்டணம் எவ்வளவு குறையும் என்று கேட்டாராம். சம்பளம் மாதத்துக்கு 3,000 ரூபாய் உயர்ந்தது. குன்னூரில் ஒரு தணிக்கை அலுவலகம் கூடுதல் சம்பளத்துக்கு அழைத்திருக்கிறது. கோத்தகிரியிலிருந்து நாள்தோறும் போய்வர வேண்டியிருப்பதால் மகன் நடுநிலைப் பள்ளிக்குப் போகும் வரை தள்ளி வைத்திருக்கிறார். முதுகலையில் 55 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதால் கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தேர்வு எழுதலாம் என்று நான் சொன்னேன். எந்த மாதத்தில் வரும் என்று கேட்டார். ஜூனிலும் டிசம்பரிலும் என்றேன். சிரித்துவிட்டார்.

அவருடைய நோட்டுகளைப் பார்த்துவிட்டு, மஞ்சூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எழுத்தராக இருக்கும் இளைஞர் ஒருவர் 2025 ஜனவரிச் சேர்க்கைக்கு முயன்றார். 2024 செப்டம்பர் முதல் தொலைநிலை, இணையவழிப் படிப்பில் சேரும் ஒவ்வொருவரும், கல்விக் கிரெடிட் வங்கிக் கணக்கைக் கொண்டு மானியக் குழுவின் டெப் (தொலைநிலைக் கல்விப் பிரிவு) அடையாள எண்ணை முதலில் உருவாக்க வேண்டும்; கணக்காளர் சேர்ந்த காலத்தில் இது இல்லை. இளைஞரின் ஆதாரில் தந்தை பெயர் முழுமையாக விரித்து எழுதப்பட்டிருக்கிறது. மதிப்பெண் சான்றிதழில் அதே பெயர் ஒற்றை எழுத்து முன்னெழுத்தாக இருக்கிறது. இரண்டும் பொருந்தவில்லை என்று கணினி திருப்பிவிட்டது. ஆதாரைத் திருத்தி வாங்குவதற்குள் சேர்க்கை முடிந்துவிட்டது. ஜூலைச் சேர்க்கைக்குக் காத்திருக்கும் அவரிடம் கணக்காளர் பாடத்திட்டத்தை மட்டும் எடுத்துக் கொடுத்து, இலை குறைந்திருக்கும் பிப்ரவரி முடிவதற்குள் சிம்ப்ளெக்ஸ் அட்டவணைகளைத் தாளில் போட்டுப் பழகச் சொல்லியிருக்கிறார். 80 பக்க நோட்டு ஒன்றும் அந்த இளைஞர் வாங்கி வைத்திருக்கிறார்.